கதவோரத்து பூட்ஸ்

ஆர்மிண்டா ஸ்லோன் தன் புருஷனைச் சாகடித்த கதை அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கென்டக்கி மலைக்குள்ளே மட்லிக் ஆற்றங்கரையில் இருக்கும் முப்பது வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். கடைத்தெருவில் காசு போட்டால் பாடுகிற பெட்டிக்குத் தெரியும். டெக்சாஸில் லாரி ஓட்டுகிறவனுக்கும், ஒஹையோவில் டயர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கும் தெரியும். மொத்தம் மூன்று நிமிடப் பாட்டு. அதற்குள் ஒரு மழை, ஒரு தொங்குபாலம், ஒரு நல்ல மனிதன், ஒரு கெட்ட சிறுக்கி எல்லோரும் வந்து போய்விடுவார்கள்.

பாட்டைக் கட்டியவன் டெல்மர். செத்துப்போன புருஷன் ஹோபர்ட்டுக்குச் சித்தப்பா மகன், ஆர்மிண்டாவை அண்ணி என்று கூப்பிடுகிறவன். வெளியாள் எவனாவது கட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வீட்டு ஆளே பாடினால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

நடந்தது ஐம்பத்தொன்றாம் வருடம். ஹோபர்ட் சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, அக்கரையிலிருந்து தொங்குபாலம் ஏறி வீட்டுக்கு வருவான். ஆறு பொங்கி, பாலத்துப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிற நாட்களில் இக்கரைக் கம்பத்தில் ஆர்மிண்டா லாந்தரைத் தொங்கவிடுவாள். லாந்தர் எரிந்தால் வராதே, அக்கரையில் உன் அக்கா பியூலா வீட்டிலேயே படுத்துக்கொள் என்று அர்த்தம். கம்பம் இருட்டாக இருந்தால் பயமில்லாமல் வரலாம். ஆற்றின் இரண்டு கரையிலும் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் இதுதான் வழக்கம். அன்றைக்குப் பாலத்தின் நடுவில் ஏழு பலகை இல்லை. கம்பத்தில் லாந்தரும் இல்லை. விடிந்த பிறகு நாலு பேர் இறங்கி ஒரு மரத்து வேரிலிருந்து அவனை எடுத்தார்கள். அந்த நாலு பேரில் டெல்மரும் ஒருவன்.

"லாந்தரு என்னடி ஆச்சு?" என்று பியூலா கேட்டாள்.

"தூங்கிட்டேன்" என்றாள் ஆர்மிண்டா. ஆறு வயது நெவா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். டெல்மர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நாஷ்வில்லுக்குப் போனான். ஐந்து வருடம் அங்கே தெருத் தெருவாக அலைந்தான். பிறகு ஒரு நாள் அவனுக்குத் தோன்றியது: தூங்கினாள் சரி, தனியாகவா தூங்கினாள்? அவ்வளவுதான், பாட்டு பிறந்துவிட்டது. இரண்டாம் சரணத்தில் கதவோரமாக எவனோ ஒருத்தனின் கருப்பு பூட்ஸ் காயும். மூன்றாம் சரணம் இது:

*விளக்கில்ல கம்பத்துல, நம்பி அவன் கால வச்சான்;*
*விளக்கேத்தும் கையி ரெண்டும் வேறொருத்தன் கழுத்துல.*

நல்ல பாட்டு. அதுதான் கொடுமை. மோசமான பாட்டாக இருந்திருந்தால் ஆர்மிண்டா பிழைத்திருப்பாள்.

முதல் மாதம் ஊர் டெல்மர்மேல் கோபப்பட்டது, அண்ணியைப் பற்றி இப்படிப் பாடலாமா என்று. பனிக்காலம் வருவதற்குள் கோபம் ஆறிவிட்டது. பாட்டில் அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. பெயரை ஊர் பார்த்துக்கொண்டது. தையல் மெஷின் விற்க வந்தானே ஒருத்தன், மீசைக்காரன், அவன் அந்த வாரம்தானே வந்தான் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அடுத்த வருடம், பிணத்தை எடுத்தவர்களில் ஒருவர் ஆர்மிண்டா வீட்டிலிருந்து சுருட்டு வாசனை வந்தது என்றார். அதற்கடுத்த வருடம் இன்னொருத்தன் தையல் மெஷின்காரன் பின்பக்கமாக ஓடியதையே பார்த்தேன் என்றான். ஹோபர்ட் செத்த வருடம் முழுக்க, பார்த்தேன் என்றவன் மிச்சிகனில் கார் கம்பெனியில் இருந்தான். அதை யாரும் கேட்கவில்லை.

ஆர்மிண்டா சும்மா இருக்கவில்லை. சர்ச் பெரியவரிடம் போய் அழுதாள். அவர் மன்னிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசி அனுப்பினார். பாட்டை ஓயாமல் போடுகிற ரேடியோ நிலையத்துக்கு நாலு பக்கம் எழுதினாள். பதிலுக்கு டெல்மரின் கையெழுத்துப் போட்ட புகைப்படம் ஒன்று வந்தது. அதை அடுப்பில் வைத்தாள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டதையும் ஒப்புக்கொண்டதாக ஊர் எடுத்துக்கொண்டது.

இப்போது அறுபத்தைந்து மே மாதம். நெவாவுக்கு இருபது வயது. அந்தக் கரையில் அவளைப்போல் தொண்டை யாருக்கும் இல்லை. அந்த வாரம் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம டெல்மர் சித்தப்பாகூட நான் பாடப்போறேன். கல்லறத் தோட்டத்துல, லாரி மேல நின்னு. ஜனங்களுக்குப் புடிச்சுதுன்னா நாஷ்வில்லுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுருக்காரு."

ஆர்மிண்டா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என்ன பாட்டு?"

"என்ன பாட்டாம்! அவர்கிட்ட வேற எந்தப் பாட்ட கேக்கப்போறாங்க?"

"ஒங்கப்பன் குழி பக்கத்துல நின்னு, பெத்தவள வையப்போற."

"நான் எங்க வைறேன்? பாடத்தானே போறேன். செஞ்சவங்களுக்குத்தான் சுடும்."

"நான் அப்படி ஒண்ணும் செய்யலடி. எத்தன தடவ சொல்றது?"

"அப்ப லாந்தரு ஏன் எரியல?"

ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஆர்மிண்டாவுக்கு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் ஏறி வரும். மகள் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகத்தில் ஹோபர்ட்டின் மூக்கும் ஆறு வயதுக் கண்ணும் அப்படியே இருக்கும். விழுங்கிவிடுவாள்.

"தூங்கிட்டேன்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதம்மா. எனக்கு ஞாபகமிருக்கு. கதவோரமா அந்தாளோட பூட்ஸ் இருந்துச்சு. கருப்பு பூட்ஸ், சேறோட. இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது."

அந்த ராத்திரி அந்த வீட்டில் எந்த பூட்ஸும் கிடையாது. ஹோபர்ட்டிடம் இருந்தது ஒரே ஜோடி. அது அவன் காலோடு ஆற்றுக்குப் போய்விட்டது. பதினோரு வயதில் நெவா பாட்டைக் கேட்டாள். பன்னிரண்டு வயதில் பூட்ஸைத் தானே பார்த்துவிட்டாள். பெற்ற மகள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அதை நம்புகிறாள். பழியை ஊர் பாடினால் தாங்கிக்கொள்ளலாம். இவள் அந்த மண்ணில் நின்று தன் வாயால் பாடிவிட்டால், அதற்கப்புறம் இவள் தன் மகளே இல்லை. அது நடக்கக்கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் பாலம் தாண்டி பியூலா வீட்டுக்குப் போனாள். பியூலா முற்றத்தில் வெந்நீரில் முக்கிய கோழிகளுக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் சாப்பாட்டுக்கு எட்டுக் கோழி.

"அடடா, மகாராணிக்கு இன்னைக்குத்தான் பாலம் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"டெல்மரப் பாக்கணும்."

"உள்ள இருக்கான். பூட்ஸ வெளியவே கழட்டு. கதவுக்கு உள்பக்கம் கழட்டுறதெல்லாம் ஒங்க வீட்டு வழக்கம்."

ஆர்மிண்டா பூட்ஸை வெளியவே கழற்றினாள்.

டெல்மர் அடுக்களை மேசையருகே உட்கார்ந்து கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். மின்னுகிற சட்டை, கொஞ்சம் தொப்பை. அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த மரியாதையெல்லாம் அவனுக்குக் குறைவே இல்லை.

"அந்த வரிய எடுத்துடு, டெல்மர்."

"எந்த வரி அண்ணி?"

"தெரியாத மாரி நடிக்காத."

"நான் ஒங்க பேர எங்கயுமே சொல்லலையே. பாட்டுல வர்ற பொம்பள வேற, நீங்க வேற."

"அத பாட்டு கேக்குறவன்கிட்ட போய்ச் சொல்லு. என் மக கேட்டிருக்கா. கதவோரம் பூட்ஸ பாத்தேங்கிறா. எங்க வீட்டுல நீ கொண்டாந்து வச்ச பூட்ஸ்."

டெல்மர் கிட்டாரை மேசைமேல் வைத்தான். பிறகு ஒரு தச்சன் மரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினான்.

"சரி, எடுத்துடுறேன். எடுத்துட்டு அங்க என்ன வைக்கிறது? அவன் பாலத்துக்கிட்ட வர்றான். வெளக்கு இல்ல. ஏன் இல்ல? கேக்குறவன் அங்க ஒத்தக் கால தூக்கிட்டு நிக்கிறான் அண்ணி. சும்மா அவ தூங்கிட்டான்னு சொன்னா எவன் அழுவான்? ஒரு வருசம் நான் அப்படித்தான் பாடிப் பாத்தேன். பீர் வாங்க எந்திரிச்சுப் போயிட்டானுங்க."

"நெவா வாயில அது வரக்கூடாது. அவ்ளோதான் எனக்கு."

"அப்ப நெசத்த சொல்லுங்க. நானும்தான அவர அந்த வேருலேர்ந்து எடுத்தேன். பதினாலு வருசமா எனக்கும் புரியல. நீங்க தூங்குற ஆளே இல்ல அண்ணி."

நீங்கள் தூங்குகிற ஆளே இல்லை. பதினாலு வருடத்தில் ஒரு மனிதன் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. ஆர்மிண்டா கல்லாக இருந்து பழகியவள்தான். ஆனால் அந்தச் சொல்லில் உடைந்துவிட்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சொல்லவும் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி மழை கொட்டியது. அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. பின்கட்டிலிருந்து லாந்தரை எடுத்து வா என்று பிள்ளையை அனுப்பினாள். பிள்ளை லாந்தரைத் தொட்டில்போல ஆட்டிக்கொண்டே வந்து வாசற்படியில் தடுக்கி விழுந்தது. கண்ணாடி சுக்கு நூறு. எண்ணெய் முழுக்கத் தரையில். மேசை விளக்கை எடுத்துக்கொண்டு மூன்று தடவை கம்பத்துக்கு ஓடினாள். மூன்று தடவையும் காற்று அணைத்தது. ஆற்றுச் சத்தம் கேட்டால் அவனாகவே நின்றுவிடுவான் என்று நம்பினாள். பயந்து அலறுகிற பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தாள். பிள்ளை அலறி அலறித் தூங்கிவிட்டது. இவள் விடியும்வரை தூங்கவில்லை. காலையில் கண்ணாடித் துண்டுகளைச் சாம்பல் குழியில் புதைத்தாள். பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்தது. மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும் என்று அப்போது முடிவு செய்தாள்.

"இது ஒன்னோட போகணும் டெல்மர். அவளுக்குத் தெரியக்கூடாது. அப்பனக் கொன்னது தான்னு தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா."

"என்னோட போகும் அண்ணி. அந்த வரிய இனிமே நான் பாட மாட்டேன். இது சத்தியம்."

அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பொய்க் கண்ணீர் இல்லை. ஆனால் அவனுடைய வலது கை விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தன. நாலு தட்டு, நிறுத்தம், மறுபடி நாலு தட்டு. துக்கத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு ஆர்மிண்டா வீட்டுக்குத் திரும்பினாள். பாவம், பாட்டுக் கட்டுகிறவன் கையை அவள் அதற்குமுன் பக்கத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிறு, கல்லறைகளை அலங்கரிக்கிற நாள். மலைச்சரிவு முழுக்கக் காகிதப் பூ. புல் வெட்டி, மண் கூட்டி, ஒவ்வொரு குடும்பமும் தன்தன் ஆட்களின் குழிப் பக்கத்தில் நின்றது. மர நிழலில் நீள மேசைகளில் சோள ரொட்டியும் கோழியும் பழக்கூழ் தடவி அடுக்கிய கேக்கும் ஈக்களும். ஸ்லோன் குடும்பம் ஹோபர்ட்டைச் சுற்றி நின்றது. ஆர்மிண்டாவுக்கு வழக்கம்போல வேலியோரம்.

மட்லிக் சர்ச்சில் பாட்டுப் புத்தகம் கிடையாது. அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. பிறகு தெரிந்தும் யாரும் வாங்கவில்லை. முன்னால் நிற்பவர் ஒரு வரியைக் கொடுப்பார். கூட்டம் அதை வாங்கி, இழுத்து, திருப்பிப் பாடும். சாவுப் பாட்டென்றால் கடைசி வரியை மூன்று தடவை திருப்ப வேண்டும். அம்மா மடியில் உட்கார்ந்தே எல்லோரும் இதைக் கற்றுக்கொள்வார்கள். வரி காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துவிடும், என்ன பாடினோம் என்பது பிறகுதான் தெரியும். டெல்மர் தன் பாட்டையும் அந்த அச்சில்தான் வார்த்திருந்தான்.

லாரிமேல் நெவா நீலக் கவுனில் நின்றாள். அப்பனின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. முதல் சரணம் முடிந்தது. கூட்டம் திருப்பிப் பாடியது. இரண்டாம் சரணத்தை, அந்த பூட்ஸ் சரணத்தை, டெல்மர் தொடவே இல்லை. தாண்டிப் போய்விட்டான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. டெல்மர் வேலிப் பக்கம் பார்த்து லேசாகத் தலையசைத்தான். ஆர்மிண்டாவுக்கு ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது.

"விளக்கில்ல கம்பத்துல, நம்பி அவன் கால வச்சான்" என்று பாடினான். முன்னூறு வாய் பழைய வரிக்குத் திறந்தது. அவன் புது வரியைக் கொடுத்தான்.

*வெளையாடி ஒடச்சுப்புட்டா வெவரந் தெரியாத மக.*

சொன்ன சத்தியத்தை டெல்மர் காப்பாற்றிவிட்டான். பழைய வரியை அவன் பாடவில்லை.

நெவாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது. தெளிவாக, இனிமையாக, வாங்கிய வரியை அப்படியே திருப்பினாள். வெளையாடி ஒடச்சுப்புட்டா வெவரந் தெரியாத மக. முதல் தடவை பாடும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை பாதியில் அவள் கண் அம்மாவைத் தேடியது. மூன்றாவது தடவை அவள் பாடவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கூட்டம் பாடியது.

பாட்டு நின்றதும் பியூலா புல்லில் அப்படியே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கேயோ ஒருத்தி விம்ம ஆரம்பித்தாள். அது தொற்றிக்கொண்டது.

ஆர்மிண்டா வேலியை விட்டு ஓடினாள். குழிகளை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

"பொய்! அவன் பாடுறது பொய்! அந்தாளு என்கூடத்தான் இருந்தான். தையல் மெஷின்காரன். நான் அவன்கூடத்தான் படுத்திருந்தேன். நீங்க சொன்னீங்கல்ல, அத்தன பேரும் பாத்தீங்கல்ல? சுருட்டு நாத்தம் வந்துச்சே, ஓடுனத பாத்தீங்களே! சொல்லுங்கடா!"

சுருட்டு வாசனை பிடித்தவர் தரையைப் பார்த்தார். மிச்சிகன்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்படி எவனும் இல்லை என்று அவள் நிஜத்தைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இப்போது அவர்கள் சொன்ன பொய்யையே சொல்கிறாள், அதையும் ஒருவரும் நம்பவில்லை. இந்த வரி அந்த வரியைவிட நல்ல வரி. அவ்வளவுதான் விஷயம்.

"பெத்த மனசப் பாருங்க" என்றார் ஒரு பெரியவர்.

"புள்ளைக்காக இத்தன வருசமா இந்தப் பழியச் சொமந்தியாடி?" பியூலா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கோழி நாற்றம் அடிக்கிற அந்தக் கைகளுக்குள் ஆர்மிண்டா திமிறினாள். "விடுங்க. நான் கெட்டவ. நான்தான் கொன்னேன். என்ன வையுங்க."

"அழு தாயி, அழுது தீரு" என்றாள் பியூலா, இறுக்கிக்கொண்டு.

லாரிமேல் டெல்மர் நின்றிருந்தான். முகம் முழுக்க ஈரம். அண்ணி பேரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவன் மனதார நம்பினான். ஆர்மிண்டா கத்திய ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டான். கிட்டார் பலகைமேல் அவன் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. நாலு தட்டு, நிறுத்தம், மறுபடி நாலு தட்டு.

நெவா லாரியிலிருந்து இறங்கினாள். கூட்டம் வழி விட்டது. வழி விட்டவர்களில் ஒருத்தர்கூட அவளைத் தொடவில்லை. ஒரு சின்னப் பெண் அவளைப் பார்த்துத் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அவள் நேராக அம்மாவிடம் வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, மண்ணெண்ண வாசன. என் கவுனு பூரா மண்ணெண்ண. மஞ்சப் பூ போட்ட கவுனு. நீ அத கழட்டி அடுப்புல போட்டுட்டியே. நான் கவுனுக்காக அழுதேனே."

கவுனை அடுப்பில் போட்டதை ஆர்மிண்டா டெல்மரிடம் சொல்லவே இல்லை. இந்த உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

மகளின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இல்லடி. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. பூட்ஸ் இருந்துச்சுடி. கதவோரமா. கருப்பு பூட்ஸ், சேறோட. கண்ணுக்குள்ள நிக்குதுன்னு சொன்னியே. நீதான பாத்த? சொல்லுடி, நீதான பாத்த?"

நெவா அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பின்னால் யாரோ இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். இன்னும் பல பேர் சேர்ந்து கேட்டார்கள். டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியைக் கொடுத்தான். மலைச்சரிவு முழுக்க அதை வாங்கித் திருப்பியது. ஆர்மிண்டாவின் கைகளுக்குள் இருந்த முகத்தில் உதடுகள் அசைந்தன. கூட்டத்தோடு சேர்ந்து நெவாவும் அந்த வரியை மூன்று தடவை திருப்பிச் சொன்னாள்.